டர்போ: பழைய ஜீப்புக்குக் காற்று ஊட்டும் கலை

வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு ஜே.சி. ரோட்டில் தமிழ், கன்னடம், உருது எந்த மொழியில் விசாரித்தாலும் மாறாமல் வரும் சொல் டர்போ. "டர்போ ஏத்திட்டா வண்டி பறக்கும்ணே" என்று கடைக்காரர் சொல்வார். எதை ஏற்றுகிறோம் என்று தெரியாமல் ஏற்றினால் பறப்பது எஞ்சின் தலையை அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட்டாகத்தான் இருக்கும்.

லத்தீனில் டர்போ என்றால் பம்பரம், சுழல்காற்றையும் குறிக்கும். இந்தச் சொல்லிலிருந்து 1822இல் பிரெஞ்சுப் பொறியாளர் க்ளோத் பூர்தேன் டர்பைன் என்ற பெயரை உருவாக்கினார். எஞ்சின் கழிக்கும் புகையின் விசையால் சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே அனுப்பும் ஏற்பாட்டுக்கு சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூகி 1905இல் காப்புரிமை பெற்றார். 1920களில் கப்பல் டீசல் எஞ்சின்களில் அது நடைமுறைக்கு வந்தது. முழுப்பெயர் டர்போசூப்பர்சார்ஜர். வாய்க்கு நீளமாக இருந்ததால் நடுவில் இருந்த சூப்பர் உதிர்ந்தது; நம் பட்டறையில் சார்ஜரும் உதிர்ந்துவிட்டது.

அந்தச் சார்ஜரில்தான் குழப்பமே. போனுக்கு மின்சாரம் ஏற்றும் கருவியின் நினைப்பில், டர்போவும் எஞ்சினுக்கு ஏதோ சக்தி ஏற்றுவதாக எண்ணிவிடுகிறோம். சார்ஜ் என்பதன் வேர் லத்தீனின் கர்ருஸ், அதாவது வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதே அதன் முதற்பொருள். கார் என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். எஞ்சின் பாடத்தில் சார்ஜ் என்றால் உறிஞ்சும்போது சிலிண்டருக்குள் போகும் சரக்கு. டீசல் எஞ்சினில் அது வெறும் காற்று. காற்று கூடினால் கூடுதல் டீசலை முழுதாக எரிக்கலாம், விசை அந்த டீசலிலிருந்து வருகிறது.

அதனால் தமிழில் சுழலூட்டி என்பதே பொருந்துகிறது. சுழலி என்று டர்பைனை ஏற்கெனவே எழுதுகிறோம். ஊட்டுவது என்றால் உள்ளே கொடுப்பது. மின்னேற்றியை ஒட்டிச் சுழலேற்றி என்று வைத்தால் பழைய குழப்பம் திரும்ப வந்துவிடும். பெல்ட்டால் ஓடும் சூப்பர்சார்ஜருக்கு மிகையூட்டி போதும். எழுத்தில் இப்படி. கடையில் டர்போ என்றே கேளுங்கள், சுழலூட்டி கேட்டால் பொருள் கிடைக்காது.

பூஸ்ட் என்பது ஊட்டழுத்தம். வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகமாக அமுக்குகிறோம் என்ற கணக்கு அது. இங்கே பெங்களூருவின் உயரம் குறுக்கே வருகிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டரில் இருக்கிறது. பார் என்ற அழுத்த அலகில் சொன்னால், சென்னையில் 1.01 பார் இருக்கும் காற்றழுத்தம் இங்கே 0.91தான். டர்போ இல்லாத டீசல் எஞ்சினுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் காற்று இங்கேயே குறைந்துவிடுகிறது. சென்னையில் சுத்தமாக ஓடிய ஜீப் கிருஷ்ணகிரி தாண்டி மேலே வந்ததும் கொஞ்சம் புகைவதற்கு இதுவும் ஒரு காரணம். பூஸ்ட் மீட்டரின் முள் 0.6 பார் காட்டினால் சென்னையில் காற்று 1.59 மடங்கும், பெங்களூருவில் 1.66 மடங்கும் அமுக்கப்படுகிறது. அதே முள், ஆனால் டர்போ இங்கே அதிகம் சுற்ற வேண்டும், காற்றும் அதிகம் சுடும். வெளியே 30 டிகிரி, கம்ப்ரஸரின் (டர்போவில் காற்றை அமுக்கும் பகுதி) திறன் 70 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால் உள்ளே போகும் காற்று கிட்டத்தட்ட 97 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டால் அடர்த்தி குறைவதால் உண்மையில் கிடைக்கும் கூடுதல் காற்று 36 சதவீதம்தான். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் போட்டு 50 டிகிரிக்கு இறக்கினால் 55 சதவீதத்தை நெருங்கலாம். இன்டர் என்ற முன்னொட்டு, இரண்டு கம்ப்ரஸர்களுக்கு இடையில் வைத்த காலத்து எச்சம். ஜீப்பில் அது கம்ப்ரஸருக்குப் பின்னால் இருப்பதால் இடைக்குளிர்விப்பான் என்பதைவிடப் பின்குளிர்விப்பான் என்பதே சரி.

பூஸ்ட் எல்லை மீறாமல் காக்கும் வேஸ்ட்கேட்டுக்குக் கழிவுவாயில் என்று எழுதினால் சாக்கடை நினைவுதான் வரும். நமக்குச் சொந்தமான சொல் ஒன்று இருக்கிறது, கலிங்கு. ஏரி நிரம்பியதும் கரை உடையாமல் மிகைநீரைத் தள்ளிவிடும் அமைப்பு அது. கன்னடத்தில் கோடி என்பார்கள். அழுத்தம் எல்லையைத் தொட்டதும் புகையை டர்பைனுக்குப் போகவிடாமல் பக்கவழியில் வெளியேற்றுவதும் அதே வேலைதான்.

இனி எஞ்சின். மஹிந்திரா ஜீப்புகளில் பெரும்பாலும் பார்ப்பது 2.1 லிட்டர் பெஜோ டீசல், அல்லது எம்டிஐ என்ற 2523 சிசி டீசல். எம்டிஐ 3200 டிசி என்ற பெயரில் உள்ள டிசி டர்போசார்ஜரையே குறிக்கும். தார் டிஐயில் வந்தது அதுதான். ஆகவே எம்டிஐ வைத்திருப்பவருக்கு டர்போ எஞ்சினின் மேனிஃபோல்டையும் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் குழாய்) டர்போவையும் சிவாஜிநகரின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடுவதே குறுக்குவழி. கேஸ்கெட்டைக் கையோடு எடுத்துப்போய்த் துளைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். டர்போ தண்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் எண்ணெய்ப் படலத்துக்காக விட்ட இடைவெளி. இறக்கை உறையில் உரசினாலோ தண்டு முன்னும் பின்னும் உணரும்படி நகர்ந்தாலோ வேண்டாம்.

பூட்டும் முன் சூடான எஞ்சினில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பாருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறுபாடு 10 சதவீதத்தைத் தாண்டினால் முதலில் எஞ்சின் வேலை, பிறகுதான் டர்போ. பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சினில் அழுத்தம் எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் இறங்கி, டர்போவிலிருந்து எண்ணெய் வடிவதையும் தடுக்கும்.

எண்ணெய்க் குழாயில்தான் பெரும்பாலான வேலைகள் கெடுகின்றன. உள்ளே போகும் குழாயை ஆயில் பிரஷர் சுவிட்ச் துளையில் டி இணைப்புப் போட்டு எடுக்கலாம், மெல்லிய எஃகுக் குழாய் போதும். வெளியே வருவது வேறு சமாச்சாரம். டர்போ நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் போவதால் எண்ணெய் நுரையாகத்தான் வெளியேறும், அழுத்தமும் இருக்காது, தானாக வடிய வேண்டும். உள்விட்டம் 16 மில்லிமீட்டருக்குக் குறையாமல், எங்கும் மேலேறாமல், எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். மடங்கிய ரப்பர் குழாய் வைத்தால் எண்ணெய் தேங்கி சீல் வழியே கசியும், நீலப்புகை வரும். "டர்போ போச்சு" என்று புதிதாக இன்னொன்று வாங்கிப் போட்டாலும் அதே புகைதான். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் எண்ணெய்த் துளையில் எண்ணெய் ஊற்றி, டீசலை நிறுத்திவைத்து, பிரஷர் விளக்கு அணையும் வரை கிராங்க் செய்யுங்கள்.

பழைய ஜீப்பின் எண்ணெய்த் தொட்டி ஏர் கிளீனரைக் கழற்றிவிடுங்கள். டர்போ இழுக்கும் வேகத்தில் தொட்டியின் எண்ணெயே உள்ளே போகலாம். டீசல் எஞ்சின் எந்த எண்ணெயையும் எரித்து ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும் ஆபத்து இதில் உண்டு. அப்படி ஆனால் காற்று நுழையும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும், கையால் அல்ல. பேப்பர் ஃபில்டரை இறுக்கமான குழாயோடு போடுங்கள். ஒரு கிளாம்ப் தளர்ந்தாலும் புழுதி புகுந்து கம்ப்ரஸர் இறக்கையை அரித்துவிடும்.

ட்யூனிங் என்ற சொல் கிரேக்கத் தோனோஸில் தொடங்குகிறது, நரம்பை இழுத்துக் கட்டுவது என்று பொருள். தமிழில் சுருதி கூட்டுதல் என்கிறோம். எஞ்சினுக்கு இசைவித்தல் என்பது நன்றாகவே பொருந்தும், ஏனென்றால் இங்கே இசைய வேண்டியவை காற்றும் டீசலும். அந்த இசைவு டீசலை அளந்து சிலிண்டருக்குள் செலுத்தும் பம்பில் நடக்கிறது. பெங்களூருவில் அதை மைக்கோ பம்ப் என்றே சொல்வார்கள். ஆடுகோடியில் இயங்கிய அந்த நிறுவனம் 2008இல் போஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பேருந்துப் பலகையில் மைக்கோ லேஅவுட் இன்னும் அப்படியே இருக்கிறது.

டர்போ பூட்டிவிட்டு பம்பைத் தொடாமல் ஓட்டினால் புகை குறையும், மேட்டில் கொஞ்சம் சுலபமாக ஏறும், பெரிய விசை வராது. டீசலைக் கூட்டும்போது ரோட்டரி பம்பில் டீசலின் உச்ச அளவைத் தீர்மானிக்கும் ஃபுல் லோடு திருகை ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். ஐடிலும் கூடவே ஏறும், அதைத் திரும்ப இறக்க வேண்டும். டர்பைனுக்கு முன்னால் மேனிஃபோல்டில் துளையிட்டு வெப்பமானி வைக்காமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. நீண்ட ஏற்றத்தில் 700 டிகிரிக்குள் இருக்கட்டும். டர்போ இல்லாமல் பிறந்த எஞ்சின் பலவற்றில் பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் தெளிக்கும் குழல் கிடையாது, சூட்டைத் தாங்காது. பூஸ்டை 0.4 முதல் 0.6 பாருக்குள் வைத்தால் போதும். கரும்புகை தொடர்ந்து வந்தால் டீசல் மிகை, அல்லது காற்றுக் குழாயில் கசிவு. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். விசை கூடியதும் முதலில் வழுக்குவது கிளட்ச். எண்ணெய் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். நீண்ட ஏற்றம் முடிந்தால் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

மாருதி ஜிப்ஸி பெட்ரோல் வேறு கதை. அங்கே சிலிண்டருக்குள் போவது காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை. அமுக்கினால் கலவை தானாகவே வெடித்துத் தட்டும் நாக்கிங் வரும், தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ள வேண்டும், கார்புரேட்டரில் அதைச் சமாளிப்பது செலவுக்கு ஏற்ற வேலையல்ல.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் தந்த விவரங்களிலிருந்து பதிவுச்சான்று விலகும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது; 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பூட்டுவதற்கு முன்பே ஆர்டிஓவில் எழுத்தில் கேளுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். புகைச் சோதனையில் பிஎஸ்-4 மாசு விதிக்கு முந்தைய டீசல் வண்டிக்கு எல்லை 65 ஹார்ட்ரிஜ் அலகு, புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு அது. பம்பை இசைவித்த ஜீப் அதற்குள் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் திருகைத் திரும்பப் பின்னோக்கிச் சுற்ற வேண்டியதுதான்.