டாக்ஸ்தான் ஜீரோ ஆச்சு, ரிஜிஸ்ட்ரேஷன் அப்படியேதான் இருக்கு

"அக்கா, ஷார்ட் பேரல் ரைஃபிளுக்கு இப்போ டாக்ஸே கிடையாதாமே, அப்போ வீட்லயே துப்பாக்கியை மாத்திக்கலாம்ல?" (ஷார்ட் பேரல்னா குழல் குட்டையான துப்பாக்கி.) டெக்சஸ்ல கிரிமினல் கேஸும் இமிக்ரேஷன் கேஸும் சேர்த்துப் பாக்குற வக்கீல் நான், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு. கேட்டுட்டு செய்றவங்களாவது பரவாயில்ல, செஞ்சுட்டு மாட்டினப்புறம் கூப்பிடுறவங்களை நெனச்சாத்தான் வயிறு எரியுது. போன வாரம் வந்தவர் நம்ம ஊர்க்காரர், நல்ல வேலை, கிரீன் கார்டு, ரெண்டு சின்னப் பசங்க. கடையில ஒழுங்கா பேப்பர் போட்டு வாங்கின ஏஆர் பிஸ்டல்ல (ஏஆர் ரைஃபிள் மாதிரியே இருக்குற குட்டைத் துப்பாக்கி) இருந்த பிரேஸை (முன்னங்கையில கட்டிக்குற தாங்கி) கழட்டிட்டு ஆன்லைன்ல வாங்கின ஸ்டாக்கை (தோள்ல வெச்சு சுடுறதுக்கான பின்கட்டை) மாட்டியிருக்கார், அவ்வளவுதான் அவர் செஞ்சது, அந்த வேலைக்குப் பத்து நிமிஷம் ஆயிருக்குமா. அதனால வந்த கேஸை எழுத எனக்குப் பல ராத்திரி ஆகும். அதான் இதை எழுதுறேன்.

அந்த ஜீரோ கதைய முதல்ல முழுசா சொல்லிடுறேன், ஏன்னா எல்லாக் குழப்பமும் அங்கதான் ஆரம்பிக்குது. 1934ல வந்த நேஷனல் ஃபயர்ஆர்ம்ஸ் ஆக்ட்ல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு வரி, 200 டாலர். இன்னொண்ணு ரிஜிஸ்ட்ரேஷன், அதாவது இந்த ஆயுதம் இந்த ஆள் பேர்ல இருக்குன்னு ஏடிஎஃப் (துப்பாக்கி விஷயங்களைப் பாக்குற அமெரிக்க மத்திய அரசு ஏஜென்சி) வெச்சிருக்குற பதிவு. 2025 ஜூலை 4ஆம் தேதி கையெழுத்தான சட்டம் அந்த வரியை மட்டும்தான் தொட்டுச்சு. 2026 ஜனவரி 1லேர்ந்து ஷார்ட் பேரல் ரைஃபிள், ஷார்ட் பேரல் ஷாட்கன், சப்ரஸர் (சத்தம் குறைக்குற சாமான்) இதுக்கெல்லாம் 200 டாலருக்குப் பதிலா ஜீரோ, மெஷின் கன்னுக்கு அந்தச் சலுகைகூட கிடையாது. ரிஜிஸ்ட்ரேஷனை யாரும் எடுக்கல. ஃபார்ம் 1 (இந்த மாதிரி ஆயுதம் செய்ய ஏடிஎஃப்கிட்ட போடுற விண்ணப்பம்) எடுக்கல, கைரேகை எடுக்கல, போட்டோ எடுக்கல, லோக்கல் போலீஸ் தலைமைக்கு அனுப்புற நோட்டீஸ் எடுக்கல, அப்ரூவல் வர்றதுக்கு முன்னாடி கைய வெக்கக்கூடாதுங்கற விதியும் எடுக்கல. ரோட் டாக்ஸ் தள்ளுபடின்னு அரசாங்கம் சொன்னா ஆர்சி புக் இல்லாம வண்டி ஓட்டுவோமா நாம?

வரியே இல்லன்னா இந்தச் சட்டமே எப்படி நிக்கும்னு கேட்டு கோர்ட்ல வழக்கு போட்டிருக்காங்க, உண்மைதான், வாதத்துலயும் விஷயம் இருக்கு. ஆனா வழக்கு போட்டிருக்காங்கங்கறதை வெச்சு உங்க மேல இருக்குற கேஸ் கரைஞ்சு போகாது. தீர்ப்பு வந்து சட்டம் மாறுற வரைக்கும் இருக்குற சட்டம்தான் உங்களுக்கு.

இதே மாதிரிதான் டெக்சஸ் விஷயமும். மாநிலத்தோட தடைப்பட்டியல்லேர்ந்து 2025 செப்டம்பர்ல ஷார்ட் பேரலை எடுத்துட்டாங்க, உடனே வாட்ஸ்அப்ல "டெக்சஸ்ல ஃப்ரீ"ன்னு சுத்த ஆரம்பிச்சிடுச்சு. மாநிலம் எடுத்தா ஃபெடரல் சட்டம் போயிடுமா? உங்களைப் பிடிக்கப் போறது ஃபெடரல் ஏஜென்ட், கேஸ் நடக்கப் போறது ஃபெடரல் கோர்ட்.

அளவு என்னன்னு கேக்குறவங்களுக்கு: ரைஃபிள்னா பேரல் 16 இன்ச்சுக்குக் கம்மியா இருக்கக்கூடாது, ஷாட்கன்னா 18. ரைஃபிளை வெட்டி மாத்தி செஞ்சதா இருந்தா மொத்த நீளமும் 26 இன்ச்சுக்குக் கீழ போகக்கூடாது. பேரலை அளக்குறது போல்ட்டை (பேரலோட பின்பக்கத்தை அடைக்குற பாகம்) மூடிட்டு, போல்ட் முகத்துலேர்ந்து வாய் வரைக்கும். நுனில திருகி மாட்டின ஃப்ளாஷ் ஹைடர் (சுடும்போது வர்ற தீயை மறைக்குற சாமான்) கணக்குல வராது, பின் அடிச்சு வெல்டு வெச்சு நிரந்தரமாக்கினாத்தான் வரும். பதினஞ்சே முக்கால்தானே, கால் இன்ச்சுதானேன்னு ஒருத்தர் என்கிட்ட வாதாடினார். அந்தக் கால் இன்ச்சுக்கும் 10 வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு.

பிஸ்டலுக்கு நீளக் கணக்கு கிடையாது, அதனாலதான் எட்டு இன்ச், பத்து இன்ச் பேரல் போட்ட ஏஆர் பிஸ்டல் கடையில சாதாரணமா கிடைக்குது. ஆனா பிஸ்டல்னா ஒரு கையில பிடிச்சு சுடுறதுக்காக செஞ்சது, தோள்ல வெச்சு சுடுறதுக்குன்னு ஸ்டாக்கை மாட்டின அந்த நொடியிலயே அது ரைஃபிள் ஆயிடும், பேரல் 16க்குக் கீழ இருந்தா பதிவில்லாத ஷார்ட் பேரல் ரைஃபிள். பிரேஸ் ரூலை கோர்ட் தள்ளிடுச்சேன்னு சொல்வீங்க. ஆமா, 2023ல ஏடிஎஃப் கொண்டு வந்த பிரேஸ் ரூலை 2024 ஜூன்ல டெக்சஸ் ஃபெடரல் கோர்ட் ரத்து பண்ணுச்சு, ஆனா அது பிரேஸைப் பத்தின ரூல் மட்டும்தான், ஸ்டாக்குக்கு யாரும் அனுமதி கொடுக்கல. அதே மாதிரி 26 இன்ச்சுக்குக் கம்மியான பிஸ்டல்ல முன்னாடி நேரா நிக்கிற பிடி ஒண்ணு மாட்டினாலும் அது இதே சட்டத்துக்குள்ள வேற வகையில வந்து விழும், இருபது டாலர் சாமான் அது.

எது முதல்ல அப்படிங்கறதும் முக்கியம். பிஸ்டலா பிறந்தது 16 இன்ச் பேரலோட ரைஃபிளாகி திரும்ப பிஸ்டலாகலாம், 2011ல ஏடிஎஃப்பே அதை ஒத்துக்கிச்சு (1992ல சுப்ரீம் கோர்ட் தாம்ப்சன் சென்டர் கேஸ்ல சொன்னதுலேர்ந்து வந்தது அது). அதுக்கு ஸ்டாக்கைக் கழட்டிட்டு அப்புறம்தான் சின்ன பேரலை மாட்டணும், வரிசை மாறுச்சுன்னா நடுவுல ஒரு நிமிஷம் உங்க கையில குற்றம் இருக்கும். ரைஃபிளா பிறந்ததுக்கு அந்த வழியே கிடையாது, அதைக் குறுக்கணும்னா ஃபார்ம் 1தான். ரைஃபிள் மட்டும் வெச்சிருக்குறவர் வீட்டு அலமாரில பத்து இன்ச் பேரலோட அப்பர் (துப்பாக்கியோட மேல் பாதி) ஒண்ணு சும்மா கெடந்தா, மாட்டவே இல்லைங்கன்னு நீங்க சொல்றதை ப்ராசிக்யூட்டர் நம்பணும்னு அவசியம் இல்ல. சேல்ல வந்துச்சுன்னு வாங்கி வெக்காதீங்க, அப்ரூவல் வந்தப்புறம் வாங்குங்க.

இப்போ நம்ம ஆட்களுக்குத்தான் சொல்றேன், இதைத் தயவுசெஞ்சு ரெண்டு தடவை படிங்க. பதிவில்லாத ஷார்ட் பேரல் வெச்சிருக்குறது நேஷனல் ஃபயர்ஆர்ம்ஸ் ஆக்ட்டோட 5861ஆம் பிரிவுல வரும், அந்தப் பிரிவு இமிக்ரேஷன் சட்டத்துல அக்ரவேட்டட் ஃபெலனி (நாடு கடத்துற அளவுக்குப் பெரிய குற்றம்) பட்டியல்ல பேரோட எழுதியே இருக்கு. கன்விக்ஷன் ஆனா கிரீன் கார்டு போகும், இங்க பதினஞ்சு வருஷமா இருக்கேன், வீடு வாங்கியிருக்கேன், பசங்க சிட்டிசன்னு சொன்னாலும் நாடு கடத்தலை நிறுத்த வழக்கமா கேக்குற கேன்சலேஷன் நிவாரணத்தைக் கேக்க முடியாது, சிட்டிசன்ஷிப் கதவும் நிரந்தரமா மூடிடும். அமெரிக்கால பிறந்தவனுக்கு அது ஒரு ஜெயில் தண்டனை, நமக்கு அதோட மீனம்பாக்கத்துக்கு ஒன்வே டிக்கெட். யூட்யூப்ல சொல்லிக் கொடுக்குற ஆளுக்கு இந்த ரிஸ்க் இல்ல, அவர் அதைச் சொல்லவும் மாட்டார்.

எச்1பி, எஃப்1, எச்4ல இருக்குறவங்களுக்கு இன்னும் முன்னாடியே கோடு போட்டாச்சு. ஹண்டிங் லைசென்ஸ் மாதிரி சட்டத்துல சொல்லியிருக்குற விலக்கு இல்லாம நீங்க எந்தத் துப்பாக்கியையும் கையில எடுக்கவே கூடாது, ஷூட்டிங் ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுட்டாலும் அதே குற்றம்தான், 2022லேர்ந்து அதுக்கு 15 வருஷம் வரைக்கும் தண்டனை. சனிக்கிழமை ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸோட போய் சுட்டுட்டு அதைப் போட்டோ வேற போடுறீங்க, எனக்குப் பாக்கவே பயமா இருக்கு. படிக்க வந்த தம்பி உங்க வீட்ல தங்கியிருந்தா துப்பாக்கி வெச்சிருக்குற சேஃபோட நம்பர் அவனுக்குத் தெரியக்கூடாது. பதிவான ஷார்ட் பேரலா இருந்தா பொண்டாட்டி புருஷன்னாலும் பேர்ல இல்லாதவங்க தனியா எடுக்க முடியாது, ரெண்டு பேருக்கும் வேணும்னா ட்ரஸ்ட் போட்டு ரெண்டு பேரும் கைரேகை கொடுங்க.

வேலை மாறி ஊர் மாறுறவங்க, வேற மாநிலத்துக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடியே ஏடிஎஃப் அனுமதி வாங்கணும், யூஹால் வண்டில ஏத்திட்டு அப்புறம் கேக்காதீங்க. கலிபோர்னியா, நியூ ஜெர்சி பக்கம் போறீங்கன்னா ஃபெடரல் பேப்பர் பக்காவா இருந்தாலும் அங்க உங்களைக் காப்பாத்தாது.

ஆசைப்படுறது தப்பே இல்ல, முறையா செய்ய வழி இருக்கு, இப்போ அதுக்கு வரியும் இல்ல. ஃபார்ம் 1 போடுங்க, அப்ரூவல் வரட்டும், பேரும் ஊரும் ரிசீவர்ல (துப்பாக்கியோட மெயின் பாடி) பொறிச்சுக்கோங்க, அந்தப் பேப்பரோட ஒரு காப்பி எப்பவும் கூடவே இருக்கட்டும்.

ஏற்கனவே ஸ்டாக்கை மாட்டிட்டீங்கன்னா, இப்போ ஃபார்ம் 1 போட்டு பழசை நேராக்கிடலாம்னு நினைக்காதீங்க, செஞ்சு முடிச்சதைப் பின்னாடி பதிவு பண்ண முடியாது. கடைக்காரர்கிட்ட கேக்காதீங்க, குரூப்ல கேக்கவே கேக்காதீங்க, போலீஸ்கிட்ட போய் நீங்களா விளக்கம் சொல்லாதீங்க. முதல் போன் வக்கீலுக்குப் போகட்டும், கிரீன் கார்டு இருந்தா இமிக்ரேஷனும் தெரிஞ்ச வக்கீலா பாருங்க, ப்ளீ (குற்றத்தை ஒத்துக்குறதுக்கான பேரம்) பேசுறப்போ எந்தப் பிரிவுல ஒத்துக்குறீங்கங்கறதுலதான் நீங்க இந்த நாட்டுல இருப்பீங்களா மாட்டீங்களாங்கறது இருக்கு.