கண் பிரஷருக்குக் குழாய் ஆபரேஷன்: முதலமைச்சர் காப்பீட்டில் செய்துகொள்வது எப்படி?

மதுரை ஒத்தக்கடையில் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்குக் கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா. உள்ளே தேங்கும் நீர் வடிய ஏற்கெனவே ஒரு முறை ஆபரேஷன் செய்து வழி திறந்த கண். "அந்த வழி தழும்பேறி அடைச்சுப் போச்சு, இனிமே குழாய்தான் வைக்கணும்" என்று டாக்டர் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "எம்புட்டு ஆகும்?"

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நோய் முன்னாலேயே இருந்தது என்று தள்ள மாட்டார்கள். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனால் பதிந்து தருவார்கள். போகும் முன் பெயர்களை ஒத்துப் பாருங்கள். பெரியப்பாவுக்கு ஆதாரில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறொன்று. அதைச் சரிசெய்யவே பத்து நாள் போயிற்று.

அட்டை கையில் இருந்தால் மட்டும் போதாது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன் அனுமதியும் வந்திருக்க வேண்டும். அட்மிஷன் போடும் முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் ஒன்றைக் கேளுங்கள்: "எந்த ஆபரேஷனுக்கு அனுமதி கேட்டிருக்கீங்க? குழாயும் அதுக்குள்ள வருதா?" கண்ணிலேயே வழி திறந்துவிடுவது ஒரு ஆபரேஷன், குழாய் பொருத்துவது வேறு ஆபரேஷன். இந்த இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

குழாய் என்றால் மெல்லிய சிலிக்கோன் குழல். அதன் முனை கண்ணுக்குள் இருக்கும். மறுமுனையில் உள்ள சிறு தட்டு வெண்படலத்துக்கு அடியில் மறைந்திருக்கும். உள்ளே தேங்கும் நீர் அதன் வழியே வடியும். வெளிநாட்டுச் சாதனத்தின் விலைக்குப் பயந்த காலம் உண்டு. இப்போது இதே வகைக் குழாயை நம் மதுரைப் பக்கத்து வீரபாஞ்சானில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் நிறுவனம் தயாரிக்கிறது.

தழும்பைத் தடுக்க மைட்டோமைசின் சி என்ற மருந்தைச் சிறு பஞ்சில் நனைத்து ஆபரேஷன் செய்யும் இடத்தில் சில நிமிடம் வைத்து, பிறகு கழுவிவிடுவார்கள். புற்றுநோய்க்கு வந்த மருந்துதான், பயப்பட வேண்டாம். வழி திறக்கும் ஆபரேஷனில் இதன் பலன் தெரிந்தது. குழாய் ஆபரேஷனில் கூடுதல் பலன் உண்டென்று ஆய்வுகளில் உறுதியாகவில்லை. அதனால் போடாமல் விட்டால், காப்பீட்டு நோயாளி என்று மிச்சம் பிடித்துவிட்டதாக நினைக்காதீர்கள். அது டாக்டரின் முடிவு.

ஆபரேஷன் ஆன மறுநாளே பிரஷர் இறங்கிவிடும் என்றும் எண்ண வேண்டாம். இந்தக் குழாயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு இல்லாததால், நீர் ஒரேயடியாக வடிந்துவிடாதபடி கரையும் நூலால் கட்டி வைப்பார்கள். நூல் கரைய ஐந்து, ஆறு வாரம் ஆகும். அதுவரை சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது. போன பார்வை இதனால் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் இது. இதைப் பெரியப்பாவுக்குப் புரியவைக்கத்தான் பெரும்பாடு பட்டோம்.

அனுமதி கிடைத்த சிகிச்சைக்குப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் சொல்லுங்கள். மாதாமாதம் வாங்கும் சொட்டு மருந்து காப்பீட்டில் வராது; அதற்கு அரசு பெரியாஸ்பத்திரி கண் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம். அப்புறம், செக்கப்புக்குப் போய்வரும் பஸ் காசும் நம்முடையதுதான். டவுன் பஸ்ஸில் பெரியம்மாவுக்கு இலவசம், பெரியப்பாவுக்கு டிக்கெட்.