நூறு மாற்றங்களில் எது குற்றவாளி?

'மென்பொருள் எழுத வாட்டர்ஃபால் முறை, சுழற்சி முறை என்கிறார்களே, இரண்டிலும் அதே கோடிங்தானே?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேலை அதேதான். எழுதியதை எப்போது சேர்த்து ஓட்டிப் பார்க்கிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

பழைய முறையான வாட்டர்ஃபால் பலருக்கும் தெரிந்தது: தேவைகளை எழுது, வடிவமை, கோடிங் செய், கடைசியில் டெஸ்டிங். சுழற்சி முறையில் இதே நான்கையும் சிறு துண்டுகளாக, சில வாரங்களுக்கு ஒருமுறை முழுதாகச் சுற்றி வருவார்கள். சரி, அதில் என்ன லாபம்?

நேற்று ஓடிய மென்பொருள் இன்று ஓடவில்லை. நடுவில் ஒரே மாற்றம்தான் நடந்தது என்றால், முதலில் எதைப் பிடிப்பது என்று யோசிக்கவே வேண்டாம். பத்து மாற்றங்களை மொத்தமாகக் கொட்டியிருந்தால்? தனித்தனியே ஒழுங்காக இருக்கும் இரண்டு, சேரும்போது முட்டிக்கொள்ளலாம். அப்படி முட்டக்கூடிய ஜோடிகள் 45. நூறு மாற்றங்கள் என்றால் 4,950 ஜோடிகள்! மாற்றம் பத்து மடங்கு, சந்தேகமோ நூறு மடங்குக்கும் மேல்.

இன்னொரு வித்தையும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மாற்றங்கள் வரிசையாகச் சேமிக்கப்பட்டிருந்தால், ஆயிரம் மாற்றங்களின் நடுவே உள்ள பிரதியை எடுத்து ஓட்டுங்கள். ஓடினால் கோளாறு பின்பாதியில், ஓடாவிட்டால் முன்பாதியில். ஐந்நூறு, இருநூற்றைம்பது என்று பாதி பாதியாகக் கழித்தால் பத்தே சோதனையில் ஆள் அகப்படுவார். மாற்றங்களை வரிசையாகச் சேமித்துவைக்கும் 'கிட்' (Git) என்ற கருவியில் இதற்கென்றே 'பைசெக்ட்' என்ற கட்டளை இருக்கிறது. ஆனால் இந்த வித்தை பலிக்க, 'இதுவரை ஓடியது' என்று காட்ட ஒரு பழைய பிரதி வேண்டும். மாதக்கணக்கில் சேர்த்தே பார்க்காத குழுவிடம் அது இருக்காது. பாதியாக வெட்ட வரிசையே கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், வாட்டர்ஃபாலின் தந்தை என்று சொல்லப்படும் வின்ஸ்டன் ராய்ஸ், 1970-இல் அந்தப் படிநிலைப் படத்தை வரைந்த கட்டுரையிலேயே, அதை அப்படியே பின்பற்றுவது ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்று எழுதிவிட்டார். வேகம், நினைவகம் எல்லாம் காகிதக் கணக்கிலிருந்து இறங்கி நிஜமாகத் தெரிவது கடைசிச் சோதனையில்தான் என்பது அவர் சொன்ன காரணம். படத்தை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

அதேபோல, சுழற்சி முறை என்ற பெயரில் தினமும் நின்றபடி கூட்டம் போட்டு, சுவரெல்லாம் வண்ணச்சீட்டு ஒட்டி, எழுதியதை மட்டும் ஆண்டுக் கடைசியில் சேர்ப்பதும் உண்டு. என்னைக் கேட்டால் அது சடங்கு. பூனை குறுக்கே போனதற்குப் பரிகாரம் செய்கிற மாதிரி.

'உயிர் சம்பந்தப்பட்ட வேலைக்குப் பழைய முறைதானே பாதுகாப்பு?' என்று அடுத்து கேட்பீர்கள். எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவைக்க முடிந்தால் யோசிக்கலாம். அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பறப்பு மென்பொருளை எழுதும்போது தேவைகள் மாறிக்கொண்டே இருந்தன. அதனால் 1977 முதல் 1980 வரை, 31 மாதங்களில் 17 சுற்றுகளாக அதை வளர்த்தார்கள்.