தேர் நிலைக்கு வரும், கடல் வருமா?

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கு. மேடைக்குப் பின்னால் தொங்கிய பதாகையில் 'நிலையான வளர்ச்சிக்கான கடல் அறிவியல்: சர்வதேச ஒத்துழைப்பு' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் அந்த 'நிலையான' என்ற சொல்லை விடவே இல்லை. பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். பக்கத்து நாற்காலியில் உவரியிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், கட்டுமரம் வலித்துக் காய்த்த கையால் என் முழங்கையைத் தொட்டுக் கேட்டார்: "கடலில் எது தம்பி நிலையாக நிற்கிறது? காலையில் பார்த்த நீவாடு மதியம் இருக்காதே." நீவாடு என்பது நீரோட்டத்துக்கு அவர்களிடம் உள்ள சொல்.

பதாகையில் இருந்த 'நிலையான'வுக்கு மூலச்சொல் ஆங்கில 'சஸ்டெயினபிள்'. லத்தீனில் கீழிருந்து தாங்கிப் பிடிப்பது என்று பொருள். இந்தக் கருத்து முளைத்தது காட்டில். வெட்டும் மரம் வளரும் மரத்தை மிஞ்சக் கூடாது என்று 1713இல் ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க அதிகாரியாக இருந்த கார்லோவிட்ஸ் எழுதினார். 1987இல் ஐக்கிய நாடுகள் சபை அமைத்த புருண்ட்லாண்ட் குழுவின் அறிக்கை, வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் கேடு வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றிக்கொள்வதுதான் இந்த வளர்ச்சி என்றது. நம் வீட்டுப் பேச்சில் சொன்னால், விதைநெல்லைக் குத்தித் தின்னாதே. வரலாறு இவ்வளவு போதும்.

இதில் 'நிலை' எங்கிருந்து வந்தது? ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ரதவீதி சுற்றி முடித்ததும் 'தேர் நிலைக்கு வந்துவிட்டது' என்கிறோம். வடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம், இனி அடுத்த ஆண்டுதான் அசையும் என்று பொருள். தாமிரபரணியில் இறங்குகிறவனைப் பார்த்து 'நிலை இருக்கிறதா?' என்று கேட்டால், கால் தரையில் ஊன்றுகிறதா என்று கேட்கிறோம். இரண்டிலுமே நிலை என்பது நிற்பது. நிலையான வைப்பு, நிலையான விலை என்று வங்கியும் கடையும் சொல்வதும் மாறாமல் நிற்பதைத்தான். அப்படியானால் 'நிலையான வளர்ச்சி' எது? ஆண்டுதோறும் ஒரே விகிதத்தில் ஏறுகிற வளர்ச்சி. அந்த வளர்ச்சியை, கடலை அடிமடி வரை அரித்து எடுத்தும் சில காலம் காட்டலாம். எதைத் தடுக்கப் பிறந்த சொல்லோ அதற்கே இந்த மொழிபெயர்ப்பு இடம் கொடுத்துவிடுகிறது.

'நீடித்த வளர்ச்சி' என்பாரும் உண்டு. நீடித்த காய்ச்சல், நீடித்த வழக்கு என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது ஏதோ இழுபறி போலத்தான் விழுகிறது. இலங்கைத் தமிழர் 'நிலைபேறான அபிவிருத்தி' என்றும் 'பேண்தகு அபிவிருத்தி' என்றும் எழுதுகிறார்கள். பேண்தகு அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் பேணத் தக்கது எது? வளர்ச்சியா, கடலா? அந்தத் தொடர் வளர்ச்சியைப் பேணச் சொல்கிறது.

என் வாக்கு 'வளங்குன்றா வளர்ச்சி'க்கு. எது குறையக் கூடாது என்பதை அது பெயர் சொல்லியே நிறுத்துகிறது. சொல்லும் இரவல் இல்லை. 'வாரி வளங்குன்றிக் கால்' என்று வள்ளுவரே சேர்த்து வைத்திருக்கிறார். அதே வான்சிறப்பில் 'நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும்' என்ற அடியும் இருக்கிறது. கடலும் குன்றும் என்று கண்டவனின் மொழியில் இதற்குச் சொல்லா இல்லை?

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2017 டிசம்பரில் அறிவித்து, 2021 முதல் 2030 வரை நடக்கும் கடல் அறிவியல் பத்தாண்டின் வேலையே இந்தக் குன்றுதலை அளப்பதும் தடுப்பதும்தான். பல நாடுகள் சேர்ந்து மிதக்கவிட்டிருக்கும் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் 2,000 மீட்டர் வரை மூழ்கி, பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வந்து, நீரின் வெப்பத்தையும் உப்பையும் அனுப்புகின்றன. எந்த நாட்டு மிதவையானாலும் கணக்கு எல்லோருக்கும் பொது. 2004 சுனாமியின்போது இந்துமாக்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே கிடையாது. இன்று ஹைதராபாத்தில் உள்ள இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் பிற நாடுகளுக்கும் சேர்த்து எச்சரிக்கை தருகிறது. எதுவும் நிலையாக நிற்காததால்தான் இத்தனை பேர் கூட வேண்டியிருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள கோபம் இதுதான்: அகராதியைத் திறக்கிறார்கள், பொருளைப் பார்ப்பதில்லை. அந்தப் பெரியவரிடம் கேட்டிருந்தால், மீன் முட்டையிடும் காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளை 61 நாள் கட்டிப்போடுவது எதற்கு என்று ஒரு வரியில் சொல்லியிருப்பார். சொல் அந்த வரியிலேயே கிடைத்திருக்கும்.

கருத்தரங்கு முடிந்ததும் அமைப்பாளரிடம் ஒரு துண்டுத்தாளில் திருத்தம் எழுதிக் கொடுத்தேன் என்று சொல்வதைவிட, கெஞ்சினேன் என்பதே சரி. மறுப்பே சொல்லாமல் வாங்கிக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்குப் புதுப் பதாகை வந்தது. அச்சகத்தில் ஒரு துணைக்கால் விழுந்துவிட்டது: 'வளங்குன்ற வளர்ச்சி'.