லாரியில் வரும் வீடு: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்

போன ஆனி மாதம் புளியரைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வீடு கட்டி, கட்டி என்றுகூடச் சொல்லக்கூடாது, தொழிற்சாலையில் செய்து லாரியில் வந்து இறங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது. குளியலறையில் மாட்டியிருந்த 25 லிட்டர் கீசர் முந்தின நாள் ராத்திரி ஸ்க்ரூவோடு பிய்த்துக்கொண்டு தரையில் விழுந்து கிடந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. வளைகுடாவில் பல வருஷம் உழைத்துச் சேர்த்த காசில் வாங்கிய வீடு. "சார், சுவர் ஸ்ட்ராங்குன்னு சொல்லித்தான வித்தாங்க?" என்று அந்த அண்ணாச்சி கேட்டபோது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

சுவரில் குறை எதுவும் இல்லை. அந்த மாதிரி வீடுகளில் சுவர் என்பது மெல்லிய இரும்புச் சட்டங்களை 2 அடிக்கு ஒன்றாக நிறுத்தி, இரண்டு பக்கமும் 8 மில்லிமீட்டர் சிமெண்ட் போர்டு அடித்தது. சட்டத்தில் ஸ்க்ரூ ஏறினால் பிடிக்கும். வெறும் போர்டில் ஏறினால் ஒரு காலண்டரைத் தாங்கும். தண்ணீர் நிறைந்த கீசர் 35 கிலோவுக்கு மேல். தொழிற்சாலையில் சட்டம் செய்யும்போதே கீசர் வரும் இடத்தில் ஒரு இரும்புப் பட்டையைக் குறுக்கே வைத்திருந்தால் வேலை முடிந்தது, சில நூறு ரூபாய் செலவு. ஆனால் கீசர் எங்கே வரும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

செங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு மலைக்கு இந்தப் பக்கம் தென்காசி வரை, அந்தப் பக்கம் கேரளத்தில் ஆரியங்காவு, தென்மலை வரை வீட்டு வேலை பார்க்கிற சிவில் இன்ஜினியர் நான். இப்படித் தொழிற்சாலையில் செய்து கொண்டுவருகிற மாடுலர் வீடு பற்றி விசாரிக்க வருகிறவர்கள் இப்போது அதிகம். நான் அதற்கு எதிரி இல்லை. சென்னை பெரும்பாக்கத்தில் 2022-ல் திறந்த 1152 வீடுகள் தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தியவைதான். ராஞ்சியில் அறை அறையாகவே வார்த்து அடுக்கினார்கள். முறையில் குறை இல்லை. கொத்தனாரை வைத்துக் கட்டும்போது லிண்டல் மட்டம் வந்த பிறகுகூட "இந்த ஜன்னலை அந்தப் பக்கம் தள்ளுங்க" என்று சொல்லலாம், அவர் திட்டிக்கொண்டே தள்ளி வைப்பார். இங்கே அது நடக்காது. டிராயிங்கில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே வீடு முடிந்துவிடுகிறது. அதனால் வீட்டுக்குள் போட வேண்டிய சண்டையெல்லாம் அதற்கு முன்னால் போட்டாக வேண்டும்.

முதல் சண்டை உயரத்துக்கு. பழைய கன்டெய்னரை வீடாக்கித் தருகிறேன் என்று வருகிறவர்கள் போட்டோவைக் காட்டுவார்கள், டேப்பைக் காட்டமாட்டார்கள். சாதாரண 20 அடி கன்டெய்னரின் உள் உயரம் 2.39 மீட்டர், உள் அகலம் 2.35 மீட்டர். அதற்குள் வெப்பத் தடுப்பும் சீலிங்கும் அடித்தால் ஏழரை அடிகூட மிஞ்சாது, ஃபேன் மாட்ட முடியாது, மாட்டினால் சட்டை கழற்றக் கையைத் தூக்க முடியாது. குடியிருக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் வேண்டும் என்பது தேசியக் கட்டிட விதித்தொகுப்பு. சைட் ஆபீஸுக்கும் டீக்கடைக்கும் கன்டெய்னர் சரி. ஆச்சி, பேரன் பேத்தியோடு குடும்பம் நடத்த நான் சிபாரிசு செய்வதில்லை.

அப்புறம் ரோடு. நம் சாலைகளில் சாதாரண லாரி 2.6 மீட்டர் அகலம்தான் இருக்கலாம். முழு அறையாக வந்து இறங்கும் வீடு என்றால் அறையின் அகலத்தைத் தீர்மானிப்பது நீங்கள் இல்லை, லாரி. புளியரை எஸ் வளைவில் ஒரு டிரெய்லர் மாட்டினால் ரெண்டு ஸ்டேட்டும் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். மெயின் ரோடு தாண்டி உங்கள் தெரு வரைக்கும் ஒரு தடவை டேப்பை எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள்: திருப்பம், தாழ்வாகத் தொங்கும் இ.பி. ஒயர், பக்கத்து வீட்டுக்காரரின் மாமரக் கிளை, கிரேன் காலூன்ற இடம். இடம் குறுகல் என்றால் பேனலாக, கட்டுக் கட்டாக வந்து இங்கே பொருத்துகிற வகையைக் கேளுங்கள். நாள் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இங்கே பெரிய விஷயம் காற்றும் மழையும். கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ வரைந்த டிசைனை அப்படியே இங்கே இறக்குகிறார்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வருகிற காற்றுக்கு அது தெரியுமா? குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு சாரல் இரண்டு நாள் சந்தோஷம், நமக்கு அது மாதக் கணக்கில் காயாத துணி. போதாக்குறைக்கு ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை, மலையாளத்தில் துலாவர்ஷம் என்பார்கள், சாயங்காலமானால் இடியோடு வரும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பிறகு வந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த ஊர். இங்கே மிச்சமிருக்கும் பழைய ஓட்டு வீடுகளைப் பாருங்கள், சரிந்த கூரை சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டு இறங்கும், சுவர் நனையாது. இப்போது வருகிற பெட்டி மாடலில் கூரை சுவரோடு வெட்டி நிற்கும். பார்க்க ஸ்டைலாக இருக்கும், இரண்டே சாரலில் ஜன்னல் ஓரம் ஊறும். கூரை குறைந்தது 3 அடி வெளியே வரட்டும், மேற்குப் பக்கம் ஒரு தாழ்வாரம் கேளுங்கள். அது கூடுதல் செலவு என்பார்கள். கொடுங்கள்.

வெயிட் இல்லாத வீட்டைக் காற்று அமுக்காது, தூக்கப் பார்க்கும். ஆகவே பேஸ்மட்டத்தில் வீட்டை அஸ்திவாரத்தோடு பிடித்து நிறுத்தும் ஆங்கர் போல்ட் எத்தனை, எவ்வளவு ஆழம் என்பதை காற்றுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதிப்படி கணக்குப் போட்டு, இன்ஜினியர் கையெழுத்தோடு வாங்குங்கள். "எல்லா இடத்துலயும் இதான் சார் போடுறோம்" என்பது கணக்கு ஆகாது. வயலை மேடாக்கிய மனை என்றால் அஸ்திவாரத்துக்குத் தனியாக மண் பரிசோதனை வேண்டும். வீடு லேசுதான், அதற்காகத் தளர்ந்த மண் உறுதியாகிவிடாது.

துருவைப் பற்றி விலாவாரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வீட்டுக்காரர்களே வரவழைத்துக்கொள்கிறார்கள். இரும்புச் சட்டத்தின் துத்தநாகப் பூச்சைக் கேளுங்கள். சதுர மீட்டருக்கு 275 கிராம் என்றால் இந்த ஈரத்துக்கு நல்லது, 120 என்றால் யோசியுங்கள். சரி, நல்ல பூச்சுதான் வாங்கினீர்கள். ஆறு மாதம் கழித்து ஏ.சி. மாட்ட வந்த தம்பி கிரைண்டர் மெஷினைப் போட்டு ஷீட்டை வெட்டுவான். பொறி பறக்கும். அந்தப் பொறி விழுந்த இடத்தில் எல்லாம் பெயிண்டும் பூச்சும் கருகிப் புள்ளி விழும், இரும்புத் தூள் ஒட்டிக்கொள்ளும். தென்மலைப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தேன்: ஏ.சி. ஓட்டையைச் சுற்றி ஒரு முழம் தூரத்துக்கு அம்மைத் தழும்பு மாதிரி செம்புள்ளி, ஓட்டையின் கீழ் விளிம்பிலிருந்து கண்மை கரைந்ததுபோல ஒழுகிய கோடு. ஏ.சி., எக்ஸாஸ்ட் ஃபேன், சிம்னி, இப்போது வாங்காவிட்டாலும் ஓட்டை எங்கே என்று இப்போதே சொல்லி தொழிற்சாலையிலேயே வெட்டி ஓரம் மடித்துத் தரச் சொல்லுங்கள்.

அடுக்களைச் சுவருக்குள் என்ன வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று கேட்கத் தயங்கவே வேண்டாம். தெர்மோகோல் அடைத்த பேனல் விலை குறைவு, ஆனால் தீப்பிடிக்கும். அடுப்புப் பக்கம் ராக்வூல், அதாவது கல்லை உருக்கி இழுத்த பஞ்சு, அடைத்தது போடச் சொல்லுங்கள், அது எரியாது. வீடே இரும்பு என்பதால் எர்த்திங்கும், கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையை வெட்டுகிற 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். இதில் பேரமே கிடையாது.

"ரெடிமேட் வீட்டுக்கு அப்ரூவல் வேண்டாம்" என்று ஒரு பேச்சு ஓடுகிறது. தப்பு. குடியிருக்கும் வீடு எதுவானாலும் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டில் 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் வீடு என்றால் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனில் வாங்கலாம்; மலையடிவாரக் கிராமம் என்றால் ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆரியங்காவுப் பக்கம் மனை இருந்தால் கேரளப் பஞ்சாயத்து விதிகள்தான், நம் ஊர் பேப்பர் அங்கே செல்லாது.

கொட்டேஷனில் அஸ்திவாரம், கிரேன், செப்டிக் டேங்க், இ.பி. கனெக்ஷன் பெரும்பாலும் இருக்காது. சதுர அடி ரேட்டை மட்டும் வைத்துக் கொத்தனார் வீட்டோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

நான் இப்போது ஒரு வேலை செய்கிறேன். கையெழுத்துக்கு முன்னால் மனையிலேயே கோலப்பொடியால் முழு அளவில் பிளானைப் போட்டு, வீட்டில் எல்லோரையும் உள்ளே நடக்க விடுவது. வடகரையில் ஒரு குடும்பத்துக்குப் போன சித்திரையில் போட்டோம். மைனி ஃபிரிட்ஜ் கதவு திறக்குமா என்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். ஊஞ்சலுக்குத் தனி பீம் வேண்டும் என்பது பையன் கோட்டுக்கு நடுவில் உட்கார்ந்து ஆடிக் காட்டியபோதுதான் ஞாபகம் வந்தது. ஆச்சி வாக்கரோடு கட்டிலிலிருந்து பாத்ரூம் போகிற மாதிரி நடந்து, திருப்பத்தில் கோட்டை மிதித்துவிட்டு, "ஏ தம்பி, இங்க நா முட்டிக்குவேன். அதுவும் போக, மழையில துணிய எங்கடே காயப்போட?" என்றார். நடையை அரை அடி அகலப்படுத்தினோம், பின்பக்கம் 5 அடி தாழ்வாரம் சேர்த்தோம். பில் ஏறியது, வீட்டுக்காரர் முகம் சுருங்கியது, ஆனால் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே கோடைமழை கொட்டிக் கோடு மொத்தமும் கரைந்து போனது. நல்லவேளை, நான் அதற்குள் டேப் வைத்து அளவெல்லாம் குறித்திருந்தேன்.