கார்னிவல் களியாட்டம் அன்று, தவமுன் விழா

பிப்ரவரி பிறந்து ரியோ டி ஜெனிரோவின் கார்னிவல் ஊர்வலப் படங்கள் வரத் தொடங்கியதும், அவற்றின் கீழே 'களியாட்ட விழா' என்ற சொல்லும் தவறாமல் வந்துவிடுகிறது. செய்தியில் காதுக்குப் பழகிய அச்சொல் எங்கள் மலேசியத் தோட்டப் பட்டணத்தையும் எட்டிவிட்டது. ஈஸ்டருக்கு முன்னான நோன்புக்காலமாகிய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்திய மாலை கோவில் மண்டபத்தில் வைக்கும் விருந்துக்கும் 'களியாட்ட இரவு' என்று அறிவிப்பு ஒட்டப்படுவதைக் காண மனம் பொறுக்கவில்லை.

கார்னிவல் என்பது இத்தாலிய மொழியின் கார்னெவாலே. அதன் பழைய வடிவமான கார்னெலெவாரே, இறைச்சியை விலக்கிவைத்தலைக் குறிக்கும். 'ஊனே, போய் வா' என்று இலத்தீனில் பிரித்துப் பொருள் சொல்லும் வழக்கம் ஒலியொப்புமையால் பின்னாளில் கட்டப்பட்டது.

ஆக, வேர்ச்சொல்லில் ஆட்டமும் இல்லை, களிப்பும் இல்லை. இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகியவையும் பொதுவாக விலக்கப்பட்டிருந்தமையால், வீட்டில் எஞ்சியவற்றை வீணாக்காமல் சமைத்து, சுற்றத்தாரோடு உண்டு தீர்த்துவிட்டே மக்கள் நோன்புக்குள் நுழைந்தனர். இங்கிலாந்தில் சாம்பல் புதனுக்கு முந்திய செவ்வாயன்று முட்டையும் பாலும் மாவும் சேர்த்து அப்பம் சுட்டதும், போலந்தில் அதற்கு முந்திய வியாழனன்று எண்ணெயில் பொரித்த இனிப்பு உருண்டைகள் உண்பதும் இவ்வாறு வந்தவையே. நம் தோட்டத்து வீடுகளில் செவ்வாய் இரவு கவிச்சிச் சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிப் பரண்மேல் கவிழ்த்து வைத்த பெண்களுக்கு கார்னிவல் என்ற பெயர் தெரியாது. ஆனால் அப்பெயர் குறிக்கும் செயலைச் செய்தவர்கள் அவர்களே.

இனி 'களியாட்டம்' என்பதற்கு வருவோம். களி என்பதற்கு மகிழ்ச்சி என்னும் பொருளோடு கள்ளால் வரும் மயக்கம் என்னும் பொருளும் தொன்றுதொட்டு உண்டு. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் 'களித்தானைக் காரணம் காட்டுதல்' என்று வள்ளுவர் தொடங்கும்போது களித்தவன் குடித்தவனே. கிறிஸ்தவர்களுக்கோ இச்சொல் இன்னும் கடுமையானது. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் மாம்சத்தின் கிரியைகளை அடுக்கும் பவுல், பொறாமைகள், கொலைகள், வெறிகள் என்று சொல்லிவரும் வரிசையில், நம் பழைய மொழிபெயர்ப்பின்படி, 'களியாட்டுகள்' என்பதையும் வைக்கிறார். வேதத்தில் பாவத்தின் பெயராக வாசித்த ஒரு சொல்லை, திருச்சபையின் ஆண்டு வட்டத்தை ஒட்டி வளர்ந்த ஒரு வழக்கத்துக்குப் பெயராக எப்படிச் சூட்டலாம்? கள்ளுக்கடை எத்தனை குடும்பங்களின் சம்பளப் பணத்தை விழுங்கியது என்பதைக் கண்ணாரக் கண்ட தோட்டத்து மக்களின் காதில் அது எப்படி விழும் என்பதையும் மொழிபெயர்ப்பாளர் எண்ணிப் பார்க்க வேண்டாமா? கார்னிவல் நாள்களில் வரம்பு மீறல் இருந்ததுண்டு, திருச்சபைத் தலைவர்களே அதைக் கண்டித்ததும் உண்டு. ஆனால் மீறலைப் பெயராக்கி நோன்பை மறைத்துவிட்டால், இத்தனை பெரிய விருந்து எதற்காக என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது.

அந்தச் செவ்வாய்க்கு வழங்கும் 'கொழுத்த செவ்வாய்' என்ற பெயர் இதைவிடத் துயரமானது. பிரெஞ்சு மொழியின் மார்டி கிரா என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த வினை அது. பிரெஞ்சுக் கத்தோலிக்க வழக்கில் 'கிரா' நாள் என்றால் இறைச்சி உண்ணலாகும் நாள், 'மேக்ர்' நாள் என்றால் அதை விலக்கும் நாள். இரண்டாவதற்கு நம் பாட்டிமார் 'சுத்தபோசனம்' என்றும், ஒருவேளை உணவோடு இருப்பதற்கு 'ஒருசந்தி' என்றும் ஐயத்துக்கு இடமின்றி வேறு வேறு சொல் வைத்திருந்தார்கள். அச்சொற்களை ஒருமுறையேனும் கேட்டிருந்தால் எந்த மொழிபெயர்ப்பாளரும் செவ்வாய்க்குக் கொழுப்பு ஏற்றியிருக்க மாட்டார். இன்று பலர் அகராதியைத் திறக்கிறார்களே தவிர, அச்செயலைத் தலைமுறைகளாகச் செய்துவரும் மக்களிடம் கேட்பதில்லை.

தூய தமிழில் 'ஊன்விடை விழா' என்று ஆக்கலாமே என்பார் உண்டு. ஒலி அழகாயிருக்கிறது. ஆயினும் முன்னர்ச் சொன்ன பொய் வேரின்மேல் நிற்பது ஒரு குறை. தவக்காலத்துக்கு முன் ரஷ்யர்கள் கொண்டாடும் மாஸ்லெனித்சா வாரத்துக்கு அது பொருந்தாதென்பது பெரிய குறை. அவ்வாரம் தொடங்குமுன்பே அவர்கள் இறைச்சியை நிறுத்திவிடுகிறார்கள். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் மெல்லிய அப்பமுமே அவ்வாரத்து உணவு. 'நோன்பு முன்விருந்து' என்பது பொருளில் சரிதான், ஆனால் நோன்பு என்றதும் மலேசியத் தமிழர் நினைவில் வருவது ரமலான் மாதமும் நோன்புப் பெருநாளும். 2026இல் சாம்பல் புதனும் ரமலான் தொடக்கமும் ஒரே வாரத்தில் வந்தன. அவ்வாறு நெருங்கி வரும் ஆண்டுகளில் அப்பெயர் குழப்பத்தையே தரும்.

ஆதலால் 'தவமுன்' என்னும் அடையையே நான் முன்வைக்கிறேன். தவக்காலம் என்ற சொல் ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. அதற்கு முந்திய உணவு தவமுன் விருந்து, பல நாள் கொண்டாட்டம் தவமுன் விழா, மார்டி கிரா தவமுன் செவ்வாய். 'முன்' என்பது முற்பகலைப் போல முதலில் வரவேண்டும் என்று இலக்கணம் பேசுவோர்க்கு முன்றிலை நினைவூட்டுகிறேன். இல்முன் என்பதே அங்கு இயல்பான வரிசை, முன்றில் வரிசை மாறிய இலக்கணப்போலி. மாஸ்லெனித்சாவின் வேர் வெண்ணெய்தான் என்பதால் அதை வெண்ணெய் வாரம் என்றே சொல்லலாம். பேரங்காடி வாசலில் மலாயில் 'கார்னிவல்' என்று பலகை வைத்து நடத்தும் மலிவு விற்பனைக்கும் நோன்புக்கும் தொடர்பில்லை, அதற்கு விற்பனை விழா என்பதே போதும்.