சிறைச்சான்று கிடைக்காத தியாகிகள்

சேலத்தில் வழக்கறிஞராக இருப்பதால் தியாகி பென்ஷன் மனுக்கள் அவ்வப்போது என்னிடம் வரும். இப்போதெல்லாம் மனுதாரர் பெரும்பாலும் தியாகியின் மனைவி, இல்லையென்றால் திருமணமாகாத மகள். கையில் ஒரு பழைய போட்டோதான் இருக்கும். அலுவலகம் கேட்பதோ சிறைச்சான்று.

மத்திய அரசுத் திட்டத்தில் குறைந்தது 6 மாதச் சிறைவாசம் வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 3 மாதம். சிறைப் பதிவேடு அழிந்துபோயிருந்தால் ‘பதிவேடு இல்லை’ என்று மாநில அரசு சான்று தர வேண்டும், கூடவே சக கைதிகளின் சான்றும் வேண்டும். 1942இல் உடன் சிறையிலிருந்தவரை இன்று எங்கே போய்த் தேடுவது? பதிவேட்டைக் காப்பாற்றியிருக்க வேண்டியது அரசு. அது தொலைந்ததற்கு அந்த அம்மாள் ஏன் அலைய வேண்டும்?

இப்படிப்பட்ட மனுக்களில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அவசியம் சுட்டிக்காட்டுங்கள். தாமதமாக வந்தது என்பதற்காக மனுவைத் தள்ளக் கூடாது என்கிறது முகுந்த் லால் பண்டாரி வழக்கு (1993). குற்ற வழக்கில் கேட்பது போன்ற கறாரான நிரூபணம் இதற்குத் தேவையில்லை என்கிறது குர்தியால் சிங் வழக்கு (2001).

இந்தத் திட்டம் விடுதலைப் போராட்டத்தோடு நின்றுவிடுகிறது. 1950 பிப்ரவரி 11 அன்று நம் சேலம் மத்திய சிறைக்குள் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பலர் மலபார் விவசாயப் போராட்டங்களில் கைதானவர்கள். நாடு குடியரசாகி ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. 1946இல் திருவிதாங்கூரில் கம்யூனிஸ்டுகள் தலைமையில் தொழிலாளர்கள் நடத்திய புன்னப்பிரா-வயலார் எழுச்சியையே வெகுகாலம் கழித்துத்தான் விடுதலைப் போராட்டப் பட்டியலில் சேர்த்தார்கள். அப்படியென்றால் பட்டியல் மூடிய கதவு இல்லை, மனமிருந்தால் திறக்கலாம்.

தென்கொரியாவில் ராணுவ ஆட்சியை எதிர்த்து நடந்த 1980 குவாங்ஜூ எழுச்சிக்கு 1990இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. தண்டிக்கப்பட்டவர்கள் மறுவிசாரணை கேட்க வழி செய்த சட்டம் 1995இல்தான் வந்தது. என்னைக் கேட்டால் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். குற்றவாளி என்ற பெயரை முதலில் நீக்க வேண்டும், பணம் அப்புறம்.

நெருக்கடி நிலையில் மிசா என்ற, விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டத்தில் அடைக்கப்பட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஜெயப்பிரகாஷ் நாராயண் நடத்திய ஜேபி இயக்கத்தில் சிறை சென்றவர்களுக்குப் பீகார் அரசு ஓய்வூதியம் தருகிறது. இங்கும் ஒருநாள் அப்படி ஒரு ஆணை வரலாம். சரி, அதுவரை சும்மா இருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் காவல் ஆணை, விடுதலைக் கடிதம் எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். உடன் இருந்தவர் இருந்தால் எந்தச் சிறை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதி, இந்த மாதமே நோட்டரி முன்னால் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.